உப்புக் காற்றும் ஓ2 சென்சாரும்

தூத்துக்குடியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. தெற்கே முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கமும் வடக்கே தருவைகுளம், வேப்பலோடை பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உப்பளங்கள். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதிலும் பெரும்பங்கு இந்த மாவட்டத்துக்கு. வெயிலும் காற்றும் மழைக் குறைவும் சேர்ந்துதான் பாத்திகளில் உப்பைப் பூக்க வைக்கின்றன. அதே காற்று ஜன்னல் கம்பியையும் தின்னும், படகு என்ஜினையும் தின்னும், வீட்டு வாசலில் நிற்கும் காரின் அடிப்பாகத்தையும் தின்னும்.

இந்த ஊரில் 20, 25 வயதான வேகக் கார் ஒன்றை ஓட்டத்தில் வைத்திருப்பது லேசான காரியமில்லை. ஆனாலும் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் இரண்டு இருக்கை கொண்ட அசல் ஸ்போர்ட்ஸ் கார்கள் எப்போதும் அபூர்வம்தான். 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் இளைஞர்களுக்கு அந்த ஆசையைத் தீர்த்துவைத்தவை, பார்க்கக் குடும்ப வண்டி மாதிரி இருந்து மிதித்தால் பறந்த கார்கள். 1998-இல் வந்த மிட்சுபிஷி லான்சர், 1999-இல் வந்த ஃபோர்டு ஐகான், 2000-இல் 106 குதிரைத்திறனோடு வந்த ஹோண்டா சிட்டி விடெக், 2001-இல் வந்த ஃபியட் பேலியோ 1.6. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஓடியவையும் இந்தத் தலைமுறைக் கார்கள்தான். இவற்றில் லான்சர் திருவள்ளூரிலும் ஐகான் மறைமலை நகரிலும் செய்யப்பட்டவை. அதாவது இந்தக் கதையில் பாதி, தமிழ்நாட்டிலேயே பிறந்த வண்டிகளின் கதை.

இந்த வயதில் இவை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நோய் வரும். மிதித்தால் பிக்கப் இல்லை. சிக்னலில் நிற்கும்போது ஐடில் ஏறி இறங்குகிறது. பெட்ரோல் குடிக்கிறது. மீட்டரில் மஞ்சள் விளக்கு. பட்டறையில் பானெட்டைத் திறந்ததும் வரும் முதல் தீர்ப்பு: “ஓ2 சென்சார் போயிருக்கும்.” அடுத்த கேள்வி வண்டிக்காரரிடமிருந்து: “எந்தக் கம்பெனி போடலாம் அண்ணாச்சி?”

தவறு நேர்வது அந்தக் கேள்வியில்தான். முதலில் கேட்க வேண்டியது எந்த வகை என்று. கம்பெனி அதற்குப் பிறகு.

சென்சார் செய்யும் வேலை எளிமையானது. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று கூடினால் ‘லீன்’, பெட்ரோல் கூடினால் ‘ரிச்’. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்து என்ஜினை ஆளும் கணினியான ஈசிஎம்முக்குச் சொல்வதுதான் சென்சாரின் கடமை. குழம்பு கொதிக்கும்போதே ஒரு சொட்டு நாக்கில் வைத்து உப்பு பார்க்கும் சமையல்காரரைப் போல, அது விநாடிதோறும் ருசி பார்க்கிறது. ஈசிஎம் அதைக் கேட்டு இன்ஜெக்டரைக் கூட்டிக் குறைக்கிறது.

உள்ளே இருப்பது ஒரு விரலுறை அளவு பீங்கான். சிர்க்கோனியாவோடு கொஞ்சம் இட்ரியா கலந்து சுட்டது. இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்புறம் புகையில் இருக்கும், உட்புறம் சாதாரணக் காற்றில் இருக்கும். சுமார் 300, 350 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அந்தப் பீங்கானுக்குள் நகரத் தொடங்கும். இருபுற ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். ரிச்சாக ஓடினால் 0.9 வோல்ட்டை ஒட்டி, லீனாக ஓடினால் 0.1 வோல்ட்டை ஒட்டி. நடுக்கோடு 0.45. இந்தக் கணக்குக்கு அடிப்படையான சமன்பாட்டைத் தந்தவர் ஜெர்மன் வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட். இதே வகைப் பீங்கானில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர் விளக்கும் செய்தார், 1920-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் பெற்றார். கார் அபிமானியான அவரது அறிவியல், போஷ் நிறுவனத்தின் சென்சாராக காரில் ஏறியது 1976-இல், கலிஃபோர்னியாவுக்குப் போன வால்வோ கார்களில். பீங்கானைச் சூடாக்க உள்ளேயே ஹீட்டர் வைத்த சென்சார் 1982-இல் வந்தது.

இந்தியாவுக்கு இது தாமதமாகத்தான் வர முடிந்தது. காரணம், பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்தால் சென்சாரும் சரி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சரி, செத்துப்போகும். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று, அவற்றுக்காக ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது. ஐகானும் விடெக்கும் சந்தைக்கு வந்த நேரமும் அதுதான்.

இப்போது தேர்வுக்கு வருவோம். பழைய சென்சாரைக் கழற்றியதும் முதலில் வயர்களை எண்ண வேண்டும். ஒரு வயர் என்றால் சிக்னல் மட்டும். எர்த் சென்சாரின் மரை வழியாகச் சைலன்சர் பைப்புக்குப் போகிறது. இரண்டு என்றால் எர்த்துக்குத் தனி வயர். மூன்று என்றால் சிக்னலோடு ஹீட்டருக்கு இரண்டு. நான்கு என்றால் சிக்னல், அதன் எர்த், ஹீட்டருக்கு இரண்டு. நான்கு வயர் இருந்த இடத்தில் மூன்று வயர் சென்சாரைப் போட்டு எர்த்தை எங்காவது முடிந்துவிடுவது பட்டறைகளில் நடப்பதுதான். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் அது சில காலம் ஓடலாம். தூத்துக்குடியில் ஓடாது. என்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டுக்கும் பைப்புக்கும் நடுவே துரு ஏறியதும் எர்த் தளர்ந்துபோகும். ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிக்னலில் அந்தச் சிறு தடங்கலே பெரிய பொய்யாகிவிடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் போதுமா என்றால், போதாது. வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. போஷ் வழக்கத்தில் கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த், இரண்டு வெள்ளை ஹீட்டருக்கு. டென்சோ வழக்கத்தில் நீலம் சிக்னல், வெள்ளை எர்த், இரண்டு கறுப்பு ஹீட்டருக்கு. கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை என்று நிறம் பார்த்து முறுக்கினால், ஹீட்டருக்குப் போக வேண்டிய 12 வோல்ட் சிக்னல் பாதைக்குள் நுழையும் அபாயம் இருக்கிறது. அப்போது போவது சென்சார் மட்டுமாக இருக்காது. பழைய வேகக் காருக்கு ஈசிஎம் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

ஹீட்டரின் ஓம் கணக்கும் முக்கியம். குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டர் வைத்தால் தயாரிப்பைப் பொறுத்து சுமார் 3 ஓம் முதல் 15 ஓம் வரை காட்டும். ஈசிஎம் எதிர்பார்க்கும் அளவுக்கு இது பொருந்தாவிட்டால் புத்தம் புதிய சென்சாரையே பழுது என்று சொல்லி விளக்கைப் போடும். அந்தக் காலத்து ஹோண்டா வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமலேயே இதைப் படிக்கலாம். சர்வீஸ் கப்ளரின் இரண்டு முனைகளை இணைத்து இக்னிஷனைப் போட்டால் விளக்கு கண்சிமிட்டும். 1 என்றால் ஓ2 சென்சார், 41 என்றால் அதன் ஹீட்டர். இரண்டும் வேறு வேறு நோய்.

வெளியே ஒரே மாதிரி இருந்தும் உள்ளே முற்றிலும் வேறான ரகங்களும் உண்டு. டைட்டானியா சென்சார் தானாக மின்னழுத்தம் உண்டாக்காது; அதன் மின்தடைதான் மாறும். நிசான் 300இசட்எக்ஸ் போன்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் அது இருக்கிறது. அங்கே சிர்க்கோனியா சென்சாரைப் போட்டால் ஈசிஎம்முக்கு ஒன்றுமே புரியாது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து டொயோட்டா சில கார்களில் பயன்படுத்திய ஏர்-ஃப்யூவல் சென்சாருக்கும் நான்கு வயர்தான், மரையும் அதேதான். ஆனால் அது ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லாமல் எவ்வளவு என்பதையும் சொல்லும் வேறு ஜாதி. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும், வேலை செய்யாது.

இவ்வளவும் சென்சார் உண்மையிலேயே போயிருந்தால்தான். கடற்கரை ஊரில் அதை நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் கடைக்குப் போவது காசைக் கடலில் போடுவது. மேனிஃபோல்டு கேஸ்கெட் அருகே துருவில் ஒரு நூலளவு ஓட்டை விழுந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து ‘லீன்’ என்று உண்மையைத்தான் சொல்லும், ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் சரியும். ஒரு ஸ்பார்க் பிளக் சரியாக அடிக்காவிட்டாலும் இதே கதைதான். எரியாத ஆக்சிஜன் புகையோடு வரும், சென்சார் லீன் என்று சொல்லும். இந்த இரண்டு நிலையிலும் புது சென்சார் போட்டால் அதுவும் பழையது சொன்னதையே சொல்லும்.

ஆகவே என்ஜினை நன்றாகச் சூடேற்றி, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து, சிக்னல் வயரில் டிஜிட்டல் மல்டிமீட்டரோ ஸ்கேனரோ வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல சென்சார் 10 விநாடிக்குள் எட்டுத் தடவையாவது 0.45 வோல்ட் கோட்டைக் கடந்து ஏறி இறங்கும். சோம்பலாக அசைந்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ சந்தேகப்படலாம். அப்போதும், பைப்பில் கசிவு இல்லை, கப்ளரில் பச்சை பூக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

கழற்றிய சென்சாரின் முனையும் பேசும். கரிய புகைப்படிவு என்றால் ரிச்சாக ஓடியிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்தால் அந்தக் கரி எரிந்து போய்ச் சென்சார் பிழைக்கவும் கூடும். வெண்மையான பொடிப் படிவு என்றால், யாரோ என்ஜின் மூடியில் சாதாரண சிலிக்கோன் பசையைத் தாராளமாகப் பூசியிருக்கலாம், அல்லது கூலன்ட் எரியறைக்குள் கசிந்திருக்கலாம். அந்த மூலத்தை அடைக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் சில மாதங்களில் வெளுத்துவிடும்.

வேகக் குதிரைகளை வாங்கிப் பேணத் தெரியாமல் இழந்த அனுபவம் இந்தக் கடற்கரைக்கு ஏற்கெனவே உண்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே திருச்செந்தூர் சாலையில் இருக்கும் பழையகாயல்தான் பாண்டியர் காலத்தின் காயல் துறைமுகம் என்று அடையாளம் காட்டியவர் மொழியறிஞர் கால்டுவெல். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதிவைத்திருக்கிறார். முத்து வெளியே போயிற்று. குதிரை உள்ளே வந்தது. இந்நாட்டு அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வாங்கினார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்பது அவர் கணக்கு. வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம். எண்ணிக்கையில் பயணியின் மிகை இருக்கலாம். ஆனால் வாங்குவதற்கு இருந்த ஆர்வத்தில் ஒரு பங்காவது பராமரிப்பை அறிவதில் இருந்திருக்க வேண்டும் என்பது, இன்று பழைய காருக்குச் சாமான் வாங்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும்.

சாமான் எங்கே கிடைக்கும்? ஐகான் பிறந்த மறைமலை நகர் ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. லான்சர் செய்த திருவள்ளூர் ஆலையில் பின்னாளில் சிட்ரோயன் கார்கள் வந்துவிட்டன. தூத்துக்குடி சிப்காட்டிலேயே 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. அங்கிருந்து வரும் வண்டிகளில் சைலன்சரே கிடையாது, சென்சாருக்கும் வேலை இல்லை. பழைய மாடல்களுக்கான அசல் பெட்டி ஷோரூமில் கிடைப்பது வருடத்துக்கு வருடம் அரிதாகும்.

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. கார் கம்பெனிகள் பொதுவாகச் சென்சாரைத் தாமே செய்வதில்லை. போஷ், டென்சோ, என்டிகே போன்ற சில நிறுவனங்களிடமிருந்துதான் வாங்கித் தம் பெயர்போட்ட பெட்டியில் வைத்து விற்கின்றன. கழற்றிய சென்சாரின் அறுகோண உடம்பில் செய்தவரின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதே நிறுவனம் தன் சொந்தப் பெட்டியில் விற்கும் அதே சென்சார், கார் கம்பெனிப் பெட்டியைவிட மலிவாகவே கிடைக்கும். பழைய வண்டிக்காரர்களுக்கு மிகப் பொருத்தமான தேர்வு இதுதான். ஜப்பானிய வண்டியில் முதலில் டென்சோ இருந்தால் டென்சோ, என்டிகே இருந்தால் என்டிகே, ஐரோப்பிய வண்டியில் போஷ் இருந்தால் போஷ். புகழ் பெற்ற கம்பெனி என்பதற்காக மாற்றிப் போடுவதில் லாபம் எதுவும் இல்லை.

அடுத்தது ‘யுனிவர்சல்’. கப்ளர் இல்லாமல் வெறும் வயரோடு வரும். பழைய கப்ளரை வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். நம்பகமான கம்பெனியின் யுனிவர்சல், அந்த வண்டிக்கு என்று அதன் பட்டியலிலேயே குறிப்பிடப்பட்டிருந்தால் போடலாம். ஆனால் வெட்டி ஒட்டும் இடம்தான் உப்புக் காற்றுக்கு வாசல். இன்னொன்றும் உண்டு. பீங்கானின் உட்புறத்துக்கு வேண்டிய சுத்தமான காற்று, பல சென்சார்களில் வயரின் உறைக்குள் இழைகளுக்கு நடுவே நுழைந்துதான் போகிறது. அதனால் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தக் காற்று வழி அடைபடும். கூடவே வரும் நீர்புகாத கிரிம்ப் இணைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். துருவுக்குப் பயந்து எல்லாவற்றிலும் டபிள்யூடி-40 அடிக்கும் பழக்கம் இந்த ஊரில் அதிகம். சென்சார் கப்ளர் பக்கம் அதைக் கொண்டு போகாமல் இருப்பது நல்லது. அந்த எண்ணெயும் அதே வழியாக உள்ளே ஊறும்.

செகண்ட் ஹேண்ட் சென்சாருக்குச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கதவு, லைட், கியர்பாக்ஸ் வரை அங்கே வாங்கலாம். சென்சார் வேண்டாம். ஹீட்டர் இல்லாத சென்சாருக்கு 50,000 முதல் 80,000 கிலோமீட்டரும், ஹீட்டர் உள்ளதற்கு 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டரும்தான் பொதுவான ஆயுள். கழற்றிவந்த சாமானில் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒருமுறை தரையில் விழுந்திருந்தால் பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம், அதுவும் தெரியாது. கடலுக்கு அப்பால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய வண்டிகளின் கழற்றிய சாமான்கள் ஏராளம். 2020 மார்ச் முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இலங்கையில் கார் இறக்குமதி நின்றிருந்தபோது பழைய வண்டிகளை ஓடவைத்ததில் அந்தக் கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கும் முன்னால், 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் மண்ணெண்ணெயிலேயே பழைய மொரிஸ் மைனர், ஏ40 கார்களை ஓட்டினார்கள். அந்த வண்டிகளில் சென்சாரும் இல்லை, ஈசிஎம்மும் இல்லை. கார்புரேட்டர் எதையும் சகித்துக்கொண்டது. ஊசி முனையில் பெட்ரோல் அளக்கும் விடெக்குக்கு அந்தச் சகிப்பு கிடையாது.

இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 2025-இல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் முழுதாக எரிய 14.7-க்குப் பதில் சுமார் 13.5 பங்கு காற்றே போதும். பழைய அளவில் பெட்ரோல் ஊற்றினால் லீன் ஆகும். சென்சார் நல்லபடி இருந்தால் ஈசிஎம் அதைக் கவனித்துக் கொஞ்சம் கூட்டி ஊற்றிச் சமாளிக்கும். சோம்பலான சென்சார் உள்ள வண்டிதான் இந்தப் பெட்ரோலில் அதிகம் திணறுகிறது. ஆனால் ஓட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது, இந்தத் தலைமுறை ஈசிஎம்கள் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை. தனக்குள் எழுதிவைத்த கணக்கின்படியே ஊற்றும். அந்தக் கணக்கு எத்தனால் இல்லாத காலத்தது. புது சென்சார் போட்டுவிட்டோம் என்று அந்த நேரத்தில் நிம்மதியாக இருக்க முடியாது.

மாட்டும் வேலையில் கடைசிச் சோதனை அந்த மரைதான். 18 மில்லிமீட்டர் அகலம், 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. 22 மில்லிமீட்டர் ஸ்பானர். பத்து வருடம் உப்புக் காற்றில் இருந்த சென்சாரைக் குளிர்ந்த பைப்பிலிருந்து வம்பாகத் திருகினால் மேனிஃபோல்டின் மரையும் சேர்ந்து வந்துவிடும். என்ஜினைச் சற்று ஓட்டி, பைப் சூடாக இருக்கும்போது, வயருக்கு இடம்விட்டு வெட்டிய சாக்கெட்டைப் போட்டுக் கழற்ற வேண்டும். புதியதன் மரையில் பெரும்பாலும் துருப்பிடிக்காமல் காக்கும் பசை பூசியே வரும். இல்லையென்றால் மரையில் மட்டும் தடவ வேண்டும், முனையில் ஒரு துளியும் படக்கூடாது. இறுக்கம் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் போதும். வயர் பைப்பில் படாமல் பழைய கிளிப்பிலேயே மாட்ட வேண்டும். பிறகு ஈசிஎம்மின் பழைய நினைவை அழித்துவிட்டு, நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாகக் கொஞ்சம் ஓட்டிவிட்டுத்தான் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிஎஸ்-2, பிஎஸ்-3 மாசு விதிகளின்படி செய்த பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொருத்தமான சென்சாரும் கசிவில்லாத பைப்பும் கன்வெர்ட்டரும் இருக்கும் வண்டி அந்தப் பரிசோதனையில் எளிதாகத் தேறிவிடும்.

விளக்கு இன்னும் எரியாத வண்டிக்காரர்களுக்கும் இன்றே ஒரு வேலை இருக்கிறது. அடுத்த சர்வீசில் வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது, சென்சாரின் உடம்பில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்து, வயரின் எண்ணிக்கையையும் நிறத்தையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும். இன்னும் இரண்டு மூன்று கோடை போனால் துரு அந்த எழுத்துகளை மூடிவிடும். அந்த எண் கையில் இருந்தால் சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைக்கே போன் போட்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லி, எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.